தனித்தனியாக எழுதிவைத்த அறிகுறிகள்

சம்பா நடவின்போதுதான் முதலில் கவனித்தேன். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வயல். நடவு ஆட்களோடு நிற்கையில் மணிக்கொரு முறை சிறுநீர் கழிக்க மோட்டார் கொட்டகைப் பக்கம் ஓட வேண்டியிருந்தது.

“என்னக்கா, இப்பதான போயிட்டு வந்தீங்க, மறுபடியுமா?” என்றாள் நாற்று நட்டுக்கொண்டிருந்த மல்லிகா. “முகம் வத்திப்போச்சு, வயிறு மட்டும் ஏறுது. மசக்கையா?”

“அம்பத்திரண்டு வயசுல மசக்கைன்னா பேப்பர்ல போட்டோவோட போடுவாங்க,” என்றேன். நடவு வரிசை முழுதும் குனிந்தபடியே சிரித்தது.

தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். அன்று சிறுநீர்த் தொந்தரவுக்குப் பக்கத்தில் ‘சர்க்கரையோ?’ என்று குறித்தேன். சோதித்ததில் சர்க்கரை இல்லை. வயிற்று உப்பலை ‘வாயு’ என்றெழுதி ஓமத் தண்ணீர் குடித்தேன். நாலு வாய்ச் சோற்றிலேயே வயிறு நிறைந்ததற்கு விரதத்தைக் காரணம் எழுதினேன். அடிவயிற்றுக் கனத்துக்கு, மாதவிடாய் நின்றதை.

பாவாடை நாடா இடுப்பில் பதியத் தொடங்கியபோது தஞ்சாவூரில் மகளிர் மருத்துவரிடம் போனோம்.

“எவ்வளவு நாளா இருக்கு?”

“எப்பவாவதுதான் டாக்டர்.”

“நீதான் எல்லாத்தையும் எழுதி வைப்பியே, பாத்துச் சொல்லேன்,” என்றார் கணவர்.

பையிலிருந்த நாட்குறிப்பைப் பிரித்து வாசித்தேன். திங்கள், உப்பல். செவ்வாய், உப்பல், சாப்பாடு இறங்கவில்லை. புதன், அடிவயிற்றில் கனம். மூன்றாம் பக்கத்தில் என் குரல் இறங்கிவிட்டது. மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். எப்பவாவது என்று நான் நம்பியது, ஆறு வாரமாக அநேகமாகத் தினமும் நடந்திருந்தது.

ஸ்கேனில் இடது சினைப்பையில் (கருமுட்டை உருவாகும் உறுப்பு) கட்டி தெரிந்தது. பாதாம் பருப்பளவே இருக்க வேண்டிய உறுப்பு, சிறு தேங்காயளவு ஆகியிருந்தது.

“போன வருஷம் கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுத்தேனே?”

“அது வேற இடம்மா. அதுல இது தெரியாது.”

“கேன்சரா டாக்டர்? பரவியிருக்குமா?”

“ஆபரேஷன் பண்ணி, பயாப்ஸி (திசுப் பரிசோதனை) வந்தாத்தான் சொல்ல முடியும்.”

கருப்பையையும் இரு சினைப்பைகளையும் எடுத்தார்கள். முடிவு வரப் பத்து நாள். நாட்குறிப்பில் அந்தப் பத்துப் பக்கங்களிலும் தேதி மட்டுமே இருக்கிறது.

புற்றுதான். ஆனால் கட்டியின் உறை கிழியவில்லை. வெளியே எங்கும் பரவவில்லை.

“நாங்க பிடிச்சு வைக்கலம்மா. உங்க உடம்பே பிடிச்சு வச்சிருக்கு,” என்றார் மருத்துவர்.

வெங்காயச் சருகு போன்ற ஒரு சவ்வு. நான் ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த வாரங்களெல்லாம் அது தாங்கி நின்றிருக்கிறது.

செல்கள் வீரியமானவை என்பதால் கீமோ (புற்றுச் செல்களை அழிக்கும் மருந்தை ஏற்றுதல்) தேவைப்பட்டது. முடி கொட்டி, வேறு மாதிரிச் சுருளாக முளைத்தது.

இதை வாசிக்கும் பெண்களுக்கு: உப்பல், சீக்கிரம் வயிறு நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர். இவை புதிதாக வந்து, இரண்டு மூன்று வாரம் விடாமல் இருந்தால் ஒரே தாளில் எழுதி மகளிர் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் வேறு ஏதாவதாக இருக்கும். இருந்தாலும் காட்டுங்கள்.

கடைசிப் பரிசோதனையில், “இப்போதைக்கு நல்லா இருக்கீங்க,” என்றார் மருத்துவர்.

“அது என்ன இப்போதைக்கு?” வராந்தாவில் கணவருக்குப் பொறுக்கவில்லை.

“அதுக்கு மேல யாரால சொல்ல முடியும்? வாங்க, பசிக்குது.”

பேருந்தில் தழும்பின் மேல் கை வைத்துக்கொண்டேன். உள்ளே எத்தனையோ நடந்துகொண்டிருந்தன, என்னைக் கேட்காமல், என்னை உயிரோடு வைத்திருக்க.