சைரன் சாரின் பக்கத்து சீட்டு

அந்த டிரைவிங் ஸ்கூலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அவரிடம் கார் பழகிய யாருக்கும் அது நினைவில் இல்லை. எல்லோருக்கும் அவர் சைரன் சார். வண்டி தெருமுனை திரும்புவதற்கு முன்னாலேயே குரல் திரும்பிவிடும்.

"கிளட்ச்சை மிதிங்கன்னா ஏன் என் மூஞ்சியைப் பாக்கறீங்க? கிளட்ச் என்ன என் மூக்குலயா இருக்கு?"

அதைக் கேட்டதும் முனையில் காய்கறி விற்கும் அம்மாள் தள்ளுவண்டியை ஓர் அடி உள்ளே இழுத்துக்கொள்வாள்.

பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டின் கால்மாட்டிலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் சொல்லிக்கொடுக்கிறவர் மிதித்து நிறுத்த வேண்டும். வருஷக்கணக்கில் மிதித்து மிதித்து, சைரன் சாரின் வலது கால் தனக்கென்று ஒரு குடித்தனம் நடத்த ஆரம்பித்திருந்தது. பஸ்ஸில் போனால் தரையை மிதிக்கும். டிவியில் கார் வேகமாகத் திரும்பினால் சோபாவின் காலை உதைக்கும். அடுப்படியில் மனைவி உப்பு டப்பாவைத் திறந்து கையை ஓங்கினாலும் மிதிக்கும். கால் மிதித்த அதே நொடியில் வாயும் திறந்துகொள்ளும். "அவரு காலுக்கும் வாய்க்கும் ஒரே ஒயரு" என்பது மனைவியின் கண்டுபிடிப்பு.

இப்படியே காலம் ஓடியிருக்கும். நடுவில் மகளுக்கு வேலை கிடைத்தது. ஊருக்கு வெளியே, பஸ் போகாத இடத்தில் ஒரு பரிசோதனைக் கூடம். அடுத்த மாதம் சேர வேண்டும். கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். செய்தி கேட்டதும் அவர் பயிற்சிக் காரைக் கழுவித் துடைத்து வைத்தார். மகள் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்தே, இவளுக்கு நான்தான் ஓட்டக் கத்துக்கொடுப்பேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்த மனிதர்.

ஒரு காலையில் டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது எதிர்ப்பக்க டிரைவிங் ஸ்கூலின் நீலக் கார் மெல்ல ஊர்ந்து போனது. ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்தபடி உள்ளே இருந்தது அவர் மகள். இவர் நின்ற இடத்திலேயே தரையை ஓங்கி மிதித்தார். டீ சட்டையில் கொட்டியது. நீலக் காரின் பக்கத்து சீட்டிலிருந்து போட்டி வாத்தியார் சிரித்துக்கொண்டே கையாட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்து.

"ஏன் பாப்பா, ஊரே எங்கிட்ட வந்து கத்துக்குது. நீ போயும் போயும் அவன்கிட்டயா?"

"ஊரு உங்ககிட்ட திட்டு வாங்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம்ப்பா. எனக்கு வீட்லயும் நீங்கதானே?"

"அது நியாயம்தான்" என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

"நீ சும்மா இரு. நான் என்ன அப்படிக் கத்தறேன்?"

மகள், "கோபத்துக்கு யாராவது ஒரு கவுன்சிலிங் டாக்டரைப் போய்ப் பாருங்க. பாத்துட்டு வாங்க, அந்த நீலக் காரை விட்டுட்டு உங்க வண்டியில உக்காரறேன்" என்றாள்.

"எனக்குக் கோபமே வராது!" என்றார் அவர். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

வேறு வழியில்லை, தேடத் தொடங்கினார். முதலில் சிக்கியவர் போனிலேயே பேசுகிறவர். வீட்டிலிருந்தபடியே பேசலாம், யாருக்கும் தெரியாது என்பதில் இவருக்கு நிம்மதி. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். லைன் சரியில்லை. "சார், நீங்க பேசறது கேக்கலை. இன்னும் கொஞ்சம் சத்தமா பேசறீங்களா?" என்றது அந்தப் பக்கம். வாழ்நாளில் அவரிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள். அவர் மனதாரச் சத்தமாகப் பேசினார். மறுநாள் மாடி வீட்டுக்காரர் படியில் மறித்து, "சின்ன வயசுல உங்க அண்ணன் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாதுங்க" என்று ஆறுதல் சொன்னார்.

இரண்டாமவர் ஓர் இளைஞர். அறையின் மூலையில் கரண்டில் ஓடும் குட்டி நீரூற்று ஒன்று விடாமல் கொப்பளித்துக்கொண்டிருந்தது. இளைஞர் ஒரு வார்த்தை சொல்வார், கண்ணை மூடுவார், திறப்பார், அடுத்த வார்த்தை வரும். பச்சை விழுந்த பிறகும் கிளம்பாத வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது இவருக்கு. நாலாவது வார்த்தைக்குள் எழுந்து போய் நீரூற்றின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "தம்பி, ஒண்ணு நீங்க பேசுங்க, இல்ல அது பேசட்டும்" என்றார். அங்கேயும் கதை முடிந்தது.

இதற்குள் மகள் நீலக் காரில் ரிவர்ஸ் எடுக்கப் பழகிவிட்டாள் என்று காய்கறிக்கார அம்மாள் மூலம் தகவல் வந்தது.

மறுநாள் காலை வகுப்பு ஒரு பேங்க் கேஷியர் அம்மாவுக்கு. நாற்பதைத் தாண்டியவர், பயந்த சுபாவம், சீட் பெல்ட்டைப் போட்டதுமே கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பார். சிக்னலில் நிற்கும்போது சைரன் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மேடம், நம்ம சிநேகிதர் ஒருத்தருக்கு… கொஞ்சம் கோபம் ஜாஸ்தி. நல்ல கவுன்சிலிங் டாக்டர் யாராவது தெரியுமா?"

கேஷியர் அம்மா யோசிக்கக்கூட இல்லை. கடகடவென்று நம்பரைச் சொன்னார்.

"மனப்பாடமா இருக்கே! நீங்க போறீங்களா?"

"வாராவாரம் சார்."

"உங்களுக்கு என்ன மேடம், தங்கமான மனுஷி. எத்தனை நாளா?"

அவர் கியரைப் போட்டார். முதல் முறையாகச் சரியாக விழுந்தது.

"கார் கத்துக்க ஆரம்பிச்சதுல இருந்து சார்."

அன்று வகுப்பு முடியும்வரை அந்தக் கார் அமைதியாக ஓடியது. அது கேஷியர் அம்மாவை இன்னும் பயமுறுத்தியது.

கேஷியர் அம்மா சொன்ன ஆலோசகர் நரைத்த தலையுடன், பருத்திச் சேலையில், எதிரே உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். "என்ன வேலை பண்றீங்க?" என்றார்.

"டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கொடுக்கறேன்."

பேனா ஒரு கணம் நின்றது. "ஓ" என்றார். முகத்தில் ஒன்றுமில்லை. அடுத்து இவர் தன்னைச் சைரன் சார் என்று கூப்பிடுவார்கள் என்றதும் தண்ணீர் டம்ளரை எடுத்து நிதானமாகக் குடித்தார்.

"மேடத்துக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது. பஸ்தான்."

"வாங்களேன், நானே கத்துக்கொடுக்கறேன்."

"நீங்களா? இல்ல, வேணாம்" என்றார் அவர். கொஞ்சம் அவசரமாகவே.

பேச்சு மகளிடம் வந்தது. நீலக் காரைப் பற்றிச் சொல்லும்போது இவர் கால் எகிறி, நடுவிலிருந்த சின்ன மேஜை நகர்ந்து, டம்ளர் கவிழ்ந்தது. ஆலோசகர் துடைத்துக்கொண்டே கேட்டார்: "பிரேக்கா?"

"மன்னிக்கணும். ஆமா."

"நீங்க மிதிக்கலைன்னா என்ன ஆகும்?"

"இடிச்சிடுவாங்க."

"இதுவரைக்கும் இடிச்சிருக்காங்களா?"

"என் வண்டியிலயா? ஒருத்தர்கூட இல்ல."

"அப்ப கால் அதோட வேலையைச் செய்யுது. வாய் எதுக்கு?"

இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"துணைக்கு" என்றார்.

ஆலோசகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவருக்கும் வந்தது. கேட்டுக்கேட்டுப் பேசியதில் கடைசியில் வெளியே வந்தது இதுதான்: ஒவ்வொரு நாளும் யார் யாரோ ஸ்டீயரிங்கைப் பிடிக்க, ஸ்டீயரிங் இல்லாத சீட்டில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் அவர். உள்ளூரப் பயம். மகளை அந்த சீட்டில் நினைத்தால் இன்னும் பயம். ஆலோசகர் ஒரு வேலை கொடுத்து அனுப்பினார். கோபம் வரும்போது எதிராளி என்ன செய்யணும்னு சொல்லாதீங்க; கண்ணுக்கு முன்னால என்ன தெரியுதோ அதை மட்டும் சொல்லுங்க, மெதுவா.

"ஒரு லாரி" என்றார் மறுநாள், கேஷியர் அம்மா பக்கத்தில் இருக்க. "ஒரு நாய். நாய் நம்மளையே பாக்குது. நாயைத் தாண்டிட்டோம்."

"சார், உடம்பு சரியில்லையா? வண்டியை ஓரமா நிறுத்தட்டுமா?"

ஆனால் சைரன் சார் இப்போதெல்லாம் கத்துவதில்லை என்ற செய்தி வாரக்கடைசிக்குள் பரவிவிட்டது. மகள் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள். ஞாயிற்றுக்கிழமை காலை, கழுவித் துடைத்த காரில், டிரைவர் சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"கத்தினீங்கன்னா நடுரோட்லயே இறங்கிடுவேன்."

"நான் வாயைத் திறக்க மாட்டேன். கண்ணுல படறதை மட்டும் சொல்லுவேன்."

"ஒரு ஸ்கூட்டர்" என்றார், வண்டி தெருவில் இறங்கியதும். "ஒரு குடை. சிக்னல். சிவப்பு." அவள் அழகாக நிறுத்தினாள். பச்சை விழுந்தது. கிளட்ச்சை விட்டாள். வண்டி குலுங்கி ஆஃப் ஆனது. மறுபடி ஸ்டார்ட் பண்ணினாள். மறுபடி ஆஃப். பின்னால் ஒரு வேன்காரர் ஹாரனை அமுக்கினார், கையை எடுக்கவே இல்லை. மகளின் காது சிவந்தது.

"ஒரு வேன்" என்றார் அவர், நெற்றி வேர்க்க. "வெள்ளை வேன்."

மகள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"ஹாரனை அமுக்கினா என் இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகும்? என் இன்ஜின் என்ன உங்க ஹாரன்லயா இருக்கு?"

ஹாரன் நின்றது. முனையில் காய்கறிக்கார அம்மாள் தள்ளுவண்டியை ஓர் அடி உள்ளே இழுத்துக்கொண்டாள். இழுத்த பிறகுதான் குரல் வேறு என்று புரிந்து எட்டிப்பார்த்தாள்.

மகள் மூன்றாவது முறை சாவியைத் திருகப் போனவள் கீழே பார்த்தாள். பக்கத்து சீட்டின் பிரேக் தரையோடு தரையாக அமுங்கியிருந்தது. மேலே அப்பாவின் கால்.

"அப்பா."

"ம்."

"காலை எடுங்க."

அவர் குனிந்து பார்த்தார். அடுத்தவர் வீட்டுப் பிள்ளை தன் வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது மாதிரி அந்தக் காலைப் பார்த்தார்.

"எப்ப போச்சுன்னே தெரியல பாப்பா."

"அப்ப ரெண்டு தடவை ஆஃப் ஆனதும் உங்களாலயா? நான் என் தப்புன்னு… அந்த வேன்காரரை வேற… உங்களை!" என்று ஆரம்பித்தவள் விடாமல் திட்டினாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டிலிருந்து கேட்டால் அது எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. கேஷியர் அம்மாவை நினைத்துக்கொண்டார்.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, அவர் செருப்பைக் கழற்றி, இரண்டு காலையும் மேலே தூக்கி, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு கையை மட்டும் ஹேண்ட்பிரேக்கின் பக்கத்தில், தொடாமல், வைத்துக்கொண்டார்.

"பச்சை" என்றார்.

வண்டி கிளம்பியது. எதிர்ப்பக்க டிரைவிங் ஸ்கூலைத் தாண்டும்போது, வாசலில் நின்ற போட்டி வாத்தியார் கையாட்டத் தூக்கிய கையைப் பாதியில் நிறுத்தி, காருக்குள் சம்மணம் போட்டுப் போகிற மனிதரை வாய் பிளந்து பார்த்தார்.

அடுத்த தெருவில் மகள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "அந்த டாக்டரம்மா சனிக்கிழமை இருப்பாங்களாப்பா?"

"இருப்பாங்க" என்றார். "என்ன வேலைன்னு கேட்டா உன் வேலையை மட்டும் சொல்லு. என் பொண்ணுன்னு சொல்லிடாதே. பாவம், மறுபடி தண்ணி குடிப்பாங்க."