இரண்டு கண்ணும் கறுத்த கிழமை

எனக்குச் சின்ன வயதிலிருந்தே யார்மீதும் இலேசில் நம்பிக்கை வருவதில்லை. டின்னுக்குள் சீனி இருக்கிறது என்று அம்மா சொன்னால்கூடத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். அப்படிப்பட்ட என்னிடம், எட்டாவது வயதில், அம்மா ஒரு மனிதரைக் கூட்டிவந்து, "இனி இவர் எங்களோடதான் இருப்பார். சித்தப்பா எண்டு கூப்பிடு" என்றார்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். அம்மாவின் இரண்டாவது கணவராக இப்போது வந்தவர் நெடுந்தீவுக்காரர், வீடு கட்டும் மேசன் வேலை செய்பவர். கேட்ட கேள்விக்கு நாலு சொல்லுக்கு மேல் பதில் வராது. இப்படி வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆள் எதையோ ஒளிக்கிறார் என்பது என் தீர்மானம். அடுத்த வளவில் இருந்த பெரியம்மாவின் தீர்மானமும் அதுதான். "ஆரெண்டு தெரியாத ஆளை வீட்டுக்குள்ள விட்டிருக்கிறாய், பொம்பிளைப்பிள்ளை இருக்கிற வீடு" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். இரண்டு மாதமாக நான் அவரைச் சித்தப்பா என்று கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டி வந்தால் பக்கத்தில் போய் நின்று இருமுவேன்.

எங்கள் புங்குடுதீவில் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகள் அதிகம். எங்கள் வீட்டுக்கு முன்னால் இருந்த பெரிய வீட்டுக்காரர் கனடாவில் இருந்தார்கள். அதன் சாவிகளெல்லாம் கோர்த்த திறப்புக் கோர்வை எங்கள் குசினி ஆணியில் தொங்கும். வெள்ளிக்கிழமைகளில் அம்மா போய்க் கூட்டி விளக்கு வைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ அழைப்பு வரும். அம்மா போனைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்து காட்டுவார். கடைசி அறைக்கு வந்ததும் கனடா மாமி தவறாமல் ஒன்று கேட்பார்: "அந்த அலுமாரி பூட்டித்தானே கிடக்குது?"

ஒவ்வொரு கிழமையும் ஒரே கேள்வி கேட்டால் எனக்கு எப்படி நித்திரை வரும்? திறப்பில் கை வைக்கவே கூடாது என்பது அம்மாவின் கட்டளை. தங்கள் உறவுக்காரரை விட்டுவிட்டுத் தன்னிடம் தந்த திறப்பு என்று அம்மாவுக்கு அதில் அப்படியொரு பெருமை.

அம்மா யாழ்ப்பாணம் போயிருந்த ஒரு பின்னேரம், நான் கோர்வையோடு அந்த அறைக்குள் போனேன். அலுமாரிப் பூட்டு திறந்துவிட்டது, கதவுதான் இறுகிக் கிடந்தது. காலை ஊன்றி முழுப் பலத்தோடு இழுத்தேன். அது படாரென்று திறந்து, என் முன்மயிர் தொடங்கும் இடத்தில் இடித்தது. உள்ளே பழைய பேப்பர்க் கட்டும் இரண்டு பூச்சி உருண்டைகளும்தான் இருந்தன. நோவை விட அந்த ஏமாற்றத்துக்குத்தான் கூட அழுதேன்.

சீமெந்து முடிந்து வேலையிலிருந்து நேரத்தோடு வந்த அவர், பெரிய வீட்டுப் படலை திறந்து கிடப்பதைக் கண்டு உள்ளே வந்திருக்கிறார். தோளில் கிடந்த துவாயைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்து என் நெற்றியில் பிடித்தார்.

"அம்மாட்டைச் சொல்லக் கூடாது" என்றேன்.

"சொல்லமாட்டன்" என்றார்.

கதவைப் பூட்டித் திறப்பை ஆணியில் மாட்டியதும் அவர்தான். வீக்கம் புளியங்கொட்டை அளவுதான், மயிருக்குள் மறைந்துவிட்டது. அம்மாவின் கை அதில் படாமல் இருக்க, அடுத்த நாள் நானே சீப்பை எடுத்துத் தலையை இழுத்துக்கொண்டேன். "பிள்ளை வளர்ந்திட்டுது" என்று அம்மா சந்தோஷப்பட்டார். நான் அந்த மனிதரைக் கண்காணிப்பதில் மும்முரமாக இருந்தேன். அம்மாவுக்கு முன்னால் அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு திக்கென்றது. தேத்தண்ணிதான் கேட்பார்.

மூன்றாம் நாள் காலையில் எனக்குக் கண் திறக்க முடியவில்லை. இரண்டு இமையும் வீங்கி, சுற்றிவரக் கறுநீலமாகக் கன்றிப் போயிருந்தது. அம்மா போட்ட சத்தத்தில் பெரியம்மா ஓடிவந்தார்.

"ஆர் அடிச்சது? பயப்பிடாமல் சொல்லு பிள்ளை."

உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. கதவு இடித்தது நெற்றியின் உச்சியில், கறுத்ததோ கண்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஆகவே "தெரியாது" என்றேன். பெரியம்மா அவரைப் பார்த்த பார்வையைக் கண்டதும் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. நான் நித்திரையாக இருந்தபோது இந்த மனிதர் ஏதும் செய்திருப்பாரோ?

அம்மா அவரிடம் திரும்பினார். "பிள்ளையில கை வச்சனீங்களோ?"

"இல்லை."

"அப்ப எப்பிடி வந்தது?"

அவர் என்னைப் பார்த்தார். சரி, இப்போது சொல்லப்போகிறார் என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். "அதைப் பிள்ளையிட்டைக் கேளும்" என்றார் அவர்.

பெரியம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. அன்று பகல் முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. என் கண்களைச் சுற்றியிருந்த கறுப்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கீழே இறங்கி, ஓரம் பச்சையாகி, கன்னம் வரை வந்தது. புதிதாகக் காயம் கூடுகிறது என்றார்கள். அம்மா என்னைத் தனியே விடவில்லை. அந்த மனிதருடைய பாய் விறாந்தைக்குப் போனது. சாப்பாட்டுக் கோப்பையை அவரே எடுத்துப்போய் முற்றத்தில் இருந்து சாப்பிட்டார். ஐந்தாம் நாள் அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாளைக்கு நெடுந்தீவில போய் நில்லுங்கோ" என்றார். அவர் தலையை ஆட்டினார். அடுத்த நாள் காலையில் நானும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடும்போது, மேசன் சாமான்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நான் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே அம்மாவின் பின்னால் நடந்தேன்.

வேலணையில் டொக்டர் ஒரு இளம் பெண். சத்தி எடுத்தாயா, தலை சுற்றியதா என்று கேட்டுக்கொண்டே என் மயிரை விலக்கி விரலால் தடவினார். அந்த இடத்தில் விரல் நின்றது.

"கண்ணில ஒருத்தரும் அடிக்கேல்லை அம்மா. இஞ்ச மேல இடிபட்டிருக்கு. உள்ளுக்குக் கண்டின இரத்தம் மெல்ல மெல்லக் கீழ இறங்கும். ரெண்டு கிழமையில மாறிடும்." பிறகு என்னிடம் குனிந்தார். "எங்க இடிச்சனீ?"

வெள்ளைச் சட்டைக்காரருக்குப் பொய் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. திறப்பிலிருந்து துவாய் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடிப்பார் என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன். அடிக்கவில்லை. வெளியே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒரு அலுமாரிக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு ஆச்சரியம். "அதுக்குள்ள ஒண்டுமே இல்லையம்மா, பேப்பர்தான்" என்று தேற்றினேன்.

திரும்பி வந்த பஸ்ஸில் நாங்கள் இறங்குகிற இடத்தில் அம்மா இறங்கவில்லை. குறிகட்டுவான் இறங்குதுறை வரை போனோம். நெடுந்தீவு வள்ளத்துக்கு நின்ற சனத்துக்குள் அவர் சாக்கின்மேல் இருந்தார். அம்மாவுக்கு அவர் பக்கத்தில் போகக் கால் வரவில்லை. நான்தான் போய், வழக்கம்போல இருமினேன்.

அவர் முதலில் என் கண்களைத்தான் பார்த்தார். "நோகுதோ?"

"இல்லை. நான் அம்மாட்டைச் சொல்லிப்போட்டன்."

அவர் முகத்தில் உண்மையான திகைப்பு. "ஏன் சொன்னனீ? நான் சொல்லேல்லையே."

அவர் எங்களோடு வீட்டுக்குத் திரும்பி வந்தார். ஆனால் என் சந்தேகம் தீரவில்லை. ஊர் முழுக்கத் தூற்றியபோதும் ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்த சொல்லை ஒருவர் சும்மா காப்பாற்றுவாரா? பதிலுக்கு என்னிடம் பெரிதாக ஏதோ கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அந்த நாளுக்காகப் பல வருடம் விழிப்பாகக் காத்திருந்தேன்.