ஒரு விரக்கடை இளைப்பு

தையல்காரிக்கு வாடகையில்லாமல் கடை வாய்த்ததே வினையாகப் போயிற்று. முன்பக்கம் நாத்தனாரின் பியூட்டி பார்லர். பின்பக்கம், சன்னல்கூட இல்லாத ஆறடி அறையில் இவளும் தையல் மெஷினும். வெளியே போவதென்றால் நாத்தனாரைத் தாண்டித்தான் போகவேண்டும்.

அந்த அம்மாள் வாயைத் திறந்தால் யானைகூடத் தன் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரு டப்பா மாத்திரை வாங்கிக்கொண்டு போகும். ஏதோ புளிப்புப் பழத்தோலின் சாறாம், இளைப்பதற்காம். "பழம்தானே, என்ன பண்ணிடப் போகுது!" என்பாள்.

மாத்திரையால் யாரும் இளைக்கவில்லை; சட்டைதான் பெருத்தது. மாத்திரை வாங்கினவர்கள் பொத்தான் தைக்கக் கொடுக்கும் சட்டையின் பக்கத்தையலை அவர்களுக்குத் தெரியாமல் பிரித்து, ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலம், தளர்த்திக் கொடுக்கச் சொல்லியிருந்தாள் நாத்தனார். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? குடியிருக்கும் மாடியும் அவளுடையது. புருஷனோ, அக்கா இருமினால் தான் தும்முகிறவன்.

ஒருநாள் கணக்கு டீச்சர் வந்தார். சட்டையை இடுப்பில் இழுத்துக் காட்டினார்.

"பாத்தியாம்மா, தொளதொளன்னு! அந்த டாக்டர் கிடக்கார். கல்லீரல் கெட்டிருக்கு, மாத்திரையை உடனே நிறுத்துங்கறார். இதனால பெரிசா எடை குறையும்னு எந்த ஆராய்ச்சியிலும் நிரூபணம் ஆகலையாம், சில பேருக்குக் கல்லீரலே பழுதாயிருக்காம். சட்டை பொய் சொல்லுமா? இன்னும் ரெண்டு டப்பா வாங்கத்தான் வந்தேன்."

சிரித்தவரின் கண்வெள்ளை மஞ்சளாயிருந்தது. தையல்காரி கத்தரியைக் கீழே வைத்தாள்.

"டீச்சர், சட்டையைத் தளர்த்தினது நான்."

"போம்மா, உனக்குப் பொறாமை!"

இவள் டேப்பை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றினாள். அளவு நோட்டில் நாலு மாசத்துக்கு முன்னால் முப்பத்தெட்டு, இப்போதும் முப்பத்தெட்டு. சட்டை ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். பழைய தையலின் ஊசித்துளைகள் எறும்பு வரிசைபோல் கிடந்தன.

டீச்சர் துளைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னும் எத்தனை பேருக்கு இப்படி?"

"பதினோரு பேர்."

"போன் நம்பர் இருக்கா?"

"நோட்டுல இருக்கு."

"ஒருத்தர் விடாம கூப்பிட்டு நிறுத்தச் சொல்லு. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

திரையை விலக்கிக்கொண்டு டீச்சர் விறுவிறுவென்று வெளியேறினார். முன்னறையிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது: "ஏண்டி, டீச்சர் ஏன் வெறுங்கையோட போறாங்க?"

தையல்காரி முதல் நம்பரை அழுத்தினாள்.

"இனிமே அவங்களுக்கு வேண்டாமாம் அண்ணி."

நாத்தனார் எழுந்து வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். போனில், "யாரு பேசறது?" என்றார்கள்.

இவள் பேச ஆரம்பித்தாள்.