குழாயடியில் ஓர் அரைச் செங்கல்

ராயபுரத்துக்குக் குடிவந்து இருபது நாளாகியும் அம்மா தகரப் பெட்டிகளைப் பிரிக்கவில்லை. வேண்டிய சேலையை மட்டும் உருவி எடுப்பார், மறுபடி மூடிக் கயிற்றைச் சுற்றிவிடுவார். பார்க்கிறவர்களுக்கு நாங்கள் வந்திருக்கிறோமா, புறப்படுகிறோமா என்று சந்தேகம் வரும். எனக்கு அந்தச் சந்தேகமே இல்லை. புறப்படுகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கணக்கு வாத்தியார். யாழ்ப்பாணத்தில் நல்ல பள்ளிக்கூடத்தில் இருந்தவர், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது என்று எங்களைக் கப்பலேற்றி, ரயிலேற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார். பட்டணத்தில் டிராம் வண்டி ஓடிக்கொண்டிருந்த காலம். சுதந்திரம் வாங்கின தேசத்துக்கு வாத்தியார்மார் வேண்டும், அதனால் போகிறேன் என்று ஊரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தார். தேசம் இவரைக் கூப்பிட்டதா என்று கேட்கிற வயது எனக்கு இல்லை. ஒன்பது வயதில் இட்லிக்குச் சட்னி உண்டா என்று கேட்கத் தெரியும், அவ்வளவுதான்.

வீடென்றால் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. வாசலிலிருந்து பின்சுவர் வரைக்கும் பதினோரு எட்டு. நான் அதை ஒரு நாளைக்கு நூறு தரமாவது நடந்திருப்பேன். ஓர் இடத்தில் உட்கார முடிந்ததில்லை. உட்கார்ந்தால் சரக்கு ரயில் முட்டிக்கொள்கிற சத்தம், அது ஓய்ந்தால் துறைமுகத்துச் சங்கு. துவைத்துக் காயப்போட்ட அப்பாவின் கதர்ச் சட்டையில் கரித்தூள் வந்து பொட்டு வைத்துவிட்டுப் போகும். ஊரில் எங்கள் வளவுக்குள்ளேயே, வீட்டைச் சுற்றின வேலிக்குள்ளேயே, கிணறு இருந்தது. வாளியை விட்டால் தண்ணீர், வேண்டாமென்றால் கயிற்றைச் சுருட்டிவிட்டுப் போகலாம். இங்கே தெருக் குழாயில் காலையிலும் மாலையிலும் மட்டும் தண்ணீர் வரும். அம்மா தெருவுக்கே இறங்கவில்லை. எங்களுக்கு இரண்டு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றியது எதிர்வரிசை ஆப்பக்கடை அக்காதான்.

தெருவில் ஐந்து பேரைக் கேட்டால் நான்கு பேர் எங்களை மலையாளம் என்பார்கள். ஐந்தாவது ஆள் பர்மாக்காரர் என்பார். தமிழ் என்று ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா வாசலில் நின்று 'ஓம்' என்று சொன்னால் பிள்ளைகள் கைகூப்பி நமஸ்காரம் போட்டுவிட்டு ஓடுவார்கள். எங்களூரில் அதற்கு 'ஆமாம்' என்று அர்த்தம், மந்திரமில்லை என்று யாருக்குச் சொல்வது?

அக்காவுக்கு என் வயதில் ஒரு மகள் இருந்தாள். எண்ணெய் வழிந்த இரட்டைப் பின்னல், எப்போதும் ஒரு கால் நொண்டியாட்டத்திலேயே இருக்கும். குழாயடியின் சட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். சாயங்காலம் ஐந்து மணித் தண்ணீருக்கு மத்தியானமே வரிசை தொடங்கிவிடும். ஆனால் மனிதர்கள் நிற்கமாட்டார்கள். கல், ஓட்டைத் தகரம், அடி போன பானை, ஒற்றைச் செருப்பு, கொட்டாங்கச்சி என்று ஆளுக்கொன்று வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். முதல் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட ஓர் அரைச் செங்கல். நான் தெரியாமல் அதன்மேல் ஏறி நிற்கப்போனேன்.

"ஏய், இத்தத் தள்ளாத. இது எங்கம்மா" என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். செருப்பு பாய் வீட்டம்மா. ஓட்டைத் தகரம் கரியள்ளப் போகிறவரின் சம்சாரம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வெயிலில் குந்தியிருக்கிற மாதிரியே எனக்குத் தோன்றிவிட்டது. அக்காவுக்கு ஏன் முதல் இடம் என்றால், அவர் சாயங்காலத் தண்ணீரில்தான் அரிசி ஊறப்போட்டு, அரைத்துப் புளிக்கவைக்க வேண்டும். விடிந்ததும் துறைமுகத்துக்குப் போகிறவர்கள் அந்த ஆப்பத்தைத் தின்றுவிட்டுத்தான் மூட்டை தூக்குவார்கள். அதனால் அந்த இடத்தில் யாரும் கைவைப்பதில்லை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து தெருவே கண்ணயர்ந்திருந்தது. அப்பாவுக்கு மட்டும் தூக்கம் இல்லை. அவரும் என்னைப்போல அந்தப் பதினோரு எட்டை நடந்துகொண்டிருந்தார். வந்து இருபது நாளாகியும் தெருவில் ஒருவரும் அவரிடம் இரண்டு வார்த்தை பேசவில்லை என்பது அவருக்கு உறுத்தல். வாசலில் நின்று பார்த்தவருடைய கண்ணில் குழாயடி பட்டது. சுற்றிலும் சேறு, அதை ஒட்டி ஒரு வரிசையாகக் குப்பை. கணக்கு வாத்தியார் என்பதால் அது வரிசையாக இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நல்லது செய்யப் புறப்பட்ட மனிதருக்குக் கண் சரியாகத் தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கூடையை எடுத்து என்னையும் கூப்பிட்டார். ஊர்ச்சேவை செய்வோம், சனம் எழும்பிப் பார்க்கும்போது இடம் கண்ணாடி மாதிரி இருக்கவேண்டும் என்றார்.

முதல் கல்லுக்குப் பக்கத்தில் குனிந்தவர், கொஞ்சம் தயங்கினார்.

"பிள்ளை, இதெல்லாம் ஆரும் தேவைக்கு வைச்சதோ?"

அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போயிருக்கும்? ஒரு காக்கை கத்துகிற நேரம். அதற்குள் நான் எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். இதை எடுத்தால் சண்டை வரும். சண்டை வந்தால் இங்கே இருக்க முடியாது. இருக்க முடியாவிட்டால் பெட்டி கட்டியே இருக்கிறது. ரயில், கப்பல், பிறகு எங்கள் கிணற்றடி.

"இல்லை அப்பா, சும்மா கிடக்குது" என்றேன்.

சொன்னதோடு நிற்கவில்லை. அந்த அரைச் செங்கல்லை நானே தூக்கிக் கூடையில் போட்டேன்.

அப்பாவுக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. எங்கள் வாசலுக்கு முன்னால் மழைத்தண்ணீர் தேங்குகிற பள்ளம் ஒன்று இருந்தது. தகரத்தையும் செருப்பையும் ரயில் வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, கற்களை எல்லாம் அந்தப் பள்ளத்தில் கொட்டி, மிதித்து, மண்போட்டு மெழுகினார். சுண்ணாம்புக் கோடு போட்ட செங்கல்லை மேலே படி மாதிரிப் பதித்தார். பிறகு குழாயடியைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, கைகளைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்து, இருபது நாளில் முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

நான் தூங்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாலரை மணிக்கு முதல் குடம் வந்தது. அப்புறம் எல்லாக் குடமும் வந்தது. யார் கல்லை யார் தூக்கினார்கள் என்று முதலில் அவர்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். "நீரடித்து நீர் விலகாது" என்பது உறவுக்காரர்களுக்குச் சொன்னது. குழாயடியில் அது செல்லாது. தண்ணீர் வந்து, பிடிப்பாரில்லாமல் சேற்றில் ஓடியது. அப்போது யாரோ எங்கள் வாசற்படியைப் பார்த்துவிட்டார்கள்.

கூட்டம் அப்படியே எங்கள் பக்கம் திரும்பியது. அப்பா எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு, பாராட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, சிரித்த முகத்தோடு வெளியே போனார். அந்தச் சிரிப்பு இப்போதும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஆப்பக்கடை அக்கா இடுப்பில் காலிக் குடத்தோடு முன்னால் நின்றார்.

"இன்னா வாத்தியாரே, ஊரான் எடத்த எல்லாம் வாரியாந்து உன் வூட்டு வாசலுக்கு மெத்த போட்டுக்கினியே. படுத்தா முதுகு நோவாது?"

சிரிப்பு எழுந்தது. அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாய் வீட்டம்மா பொறுமையாக ஒவ்வொரு கல்லும் ஓர் ஆள் என்பதை எடுத்துச் சொன்னார். கேட்கக் கேட்க அப்பாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. குப்பையென்று நினைத்தேன், பிழை என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கோ என்று இரண்டு கையையும் கூப்பினார். அந்தத் தமிழைக் கேட்டு மறுபடியும் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல், "வூட்டுக்காரரு கைல சொல்லிக் காலி பண்ணச் சொல்லு. வேற ஊர்க்காரங்கள வெச்சா இப்டித்தான்" என்றது. நாலைந்து பேர் ஆமாமென்றார்கள். கதவுக்குப் பின்னால் வந்து நின்றிருந்த நான் தகரப் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்போது அக்காவின் மகள் என்னைப் பார்த்துவிட்டாள். அவள் நொண்டியாடாமல் இரண்டு காலிலும் நின்று அன்றுதான் பார்த்தேன்.

"தோ, இவளுக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். இது எங்கம்மான்னு சொன்னனா இல்லியா, சொல்லுடி."

எல்லாக் கண்ணும் என்மேல் வந்தது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாத்தியார் புள்ள மக்குன்னு சொல்லுவாங்க. இது அப்டித் தெரியலியே" என்றார்.

அப்பாவும் என்னைப் பார்த்தார். கணக்குப் பிழைத்த இடத்தைப் பிள்ளையின் நோட்டில் கண்டுபிடிக்கிறபோது அவர் பார்க்கிற பார்வை அது. பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனால் காரணத்தைக்கூட உள்ளபடி எழுதிக்கொடுக்கிற மனிதர் அவர்.

"பிள்ளையிட்டை நான் கேக்கேல்லை. நானாய்த்தான் செய்தனான்."

கூட்டத்தில் சத்தம் குறைந்தது. அப்பா குனிந்து, பதித்த செங்கல்லை நகத்தால் மண்ணைக் கீறிக் கீறி எடுத்தார். அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்து போய்க் குழாயின் கீழே முதல் இடத்தில் வைத்தார். சாமி ஊர்வலம் என்று பையன்கள் கைதட்டினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மற்ற இடங்களைப் பெண்களே சரிசெய்துகொண்டார்கள். தன் இடம் எத்தனையாவது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தனக்கு முன்னால் யார் என்று ஒவ்வொருத்திக்கும் தெரிந்திருந்தது. அதைச் சொல்லிச் சொல்லியே வரிசை கட்டிவிட்டார்கள். ஆனாலும் அதற்குள் தண்ணீர் நூலாகிவிட்டது. அக்காவுக்குக் கிடைத்தது அரைக் குடம். மறுநாள் காலை ஆப்பக்கடை அடுப்பு எரியவில்லை. துறைமுகத்துக்குப் போகிறவர்கள் கடைவாசலில் நின்று பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு போனார்கள்.

எங்களுக்கு அன்று இரவு பானையில் மிச்சமிருந்த தண்ணீர்தான். என்னை ஒருவரும் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. அது அடியைவிடக் கஷ்டமாக இருந்தது. அம்மா அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். இதுதான் சமயம் என்று நான் பக்கத்தில் போய், அப்போ ஊருக்குப் போகிறோமா என்று கேட்டேன். தை பிறக்கட்டும் என்றார். வழக்கமாகச் சொல்கிற பதில்தான். இந்தத் தடவை அது உண்மையாகப் போகிறது என்று படுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் அம்மா தலையைச் சீவி முடித்து, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டார். ரயிலுக்குத்தான் என்று நான் என் சட்டையைத் தேடினேன். அவரோ எங்கள் அம்மிக்குழவியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஆப்பக்கடை அக்கா வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அம்மா போய் எதிரில் நின்றார்.

"இனி எங்கடை தண்ணியை நானே பிடிக்கிறன். வரிசையிலை எங்களுக்கு எந்த இடம் எண்டு சொல்லுங்கோ."

அக்காவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். குழவியைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"கடேசி எடம். ஒத்துக்கிறியா?"

"ஓம்."

இந்தத் தடவை யாரும் கைகூப்பவில்லை. அம்மா குழாயடிக்குப் போய்க் குழவியை வரிசையின் கடைசியில் வைக்கக் குனிந்தார். அக்கா முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார்.

"அய்ய, இத்த வெக்காத தாயி. ஒதவுற பொருளுக்குக் குழாயடில ஆயுசு கெடையாது. ஒண்ணுத்துக்கும் ஒதவாததா பாத்து எடுத்தா."

வீட்டுக்குத் திரும்பி வந்து தேடினோம். கடல் தாண்டிக் கொண்டுவந்ததெல்லாம் உதவும் என்று பார்த்துப் பார்த்து எடுத்துவந்தவை. உதவாத பொருள் ஒன்றுகூட அகப்படவில்லை. கடைசியில் கப்பலில் உடைந்துபோன ஊறுகாய்ச் சாடியின் அடித்துண்டு ஒன்று, எறிய மனமில்லாமல் துணியில் சுற்றி வைத்திருந்தது, கிடைத்தது. அம்மா அதைக் கொண்டுபோய் எல்லாருக்கும் பின்னால் வைத்தார். பாய் வீட்டம்மாவின் புதிய ஒற்றைச் செருப்புக்கு அடுத்ததாக. நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். பிறகு என்னைக் காவலுக்கு நிற்கச் சொன்னார். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். இன்றைக்கு ஐந்து மணி வரைக்கும், நாளைக்கும் அப்படித்தான் என்றார். என் பொய்க்குத் தண்டனை என்று நினைத்து, சாடித்துண்டைக் காலால் உதைக்க வேண்டும் போல வந்தது. எதிர்வாசலில் அக்காவின் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதைக்கவில்லை.

அவள் என்னோடு மறுபடி பேச நாலு மாதம் ஆயிற்று. எங்கள் சாடித்துண்டு கடைசியிலிருந்து நடுவுக்கு வர ஒரு வருஷம். தை பிறந்தது, மறுபடியும் பிறந்தது. ஒவ்வொரு தடவையும் நான் கேட்டேன், அம்மா அடுத்த தையைக் காட்டினார்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பிறந்த பிறகு, யாழ்ப்பாணத்திலிருந்து சித்தி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை ஒன்று வந்தது. கல்யாணம் நடக்கிற விலாசம் ஊரில் எங்கள் வீட்டு விலாசம். நம் வீட்டில் ஏன் வைக்கிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். அப்பா அப்போது உயிரோடு இல்லை. அம்மா பத்திரிகையை மடித்து வைத்தார். பிறகு, அது சித்தியின் வீடுதான், சித்தியின் சீதனத்துக்கு வேறு வழியில்லாமல் வளவு, கிணறு எல்லாவற்றையும் அவர் பேருக்கு எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் கப்பலேறினோம் என்றார்.

"உனக்குச் சொல்லவேணும் எண்டுதான் இருந்தம். நீ கேக்கிறதை நிப்பாட்டினாப் பிறகு சொல்லலாம் எண்டு அப்பா சொன்னவர். நீ எங்கை நிப்பாட்டினனி?"

நான் நிறுத்தவேயில்லைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் கைகூப்பி நின்ற அப்பாவுக்கு, இந்த ஓரறையை விட்டால் நிற்க வேறு கூரை இல்லை. உள்ளே நின்ற அம்மாவுக்கும் அது தெரியும். காலி பண்ணச் சொல்லு என்று அந்தப் பெண் சொன்னபோது, அந்த இடத்தில் சந்தோஷமாக நின்றவள் நான் ஒருத்திதான்.