வெள்ளிக்கிழமைக் கோப்புகள்

அந்த மேசையின் அடி இழுப்பறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. அந்த மேசைக்காரரை நினைத்தால் அதைவிட மோசம். இத்தனை வருடமாகிவிட்டதே, ஆளும் போய்ச் சேர்ந்துவிட்டாரே, இன்னுமா கோபம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆமாம், இன்னும்தான்.

காஜா பேராங்கில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். கீழே சீனர் ஒருவரின் சைக்கிள் கடை, மேலே லாயர். மலாய் நாடு சுதந்திரம் அடைந்த மறு வருடம் அது. ஒரு வருடத்துக்குள் குடியுரிமைக்கு மனுப் போட்டுவிட்டால் மலாய் மொழிச் சோதனை கிடையாது என்று ஊரெல்லாம் பேச்சு. கெடு நெருங்க நெருங்க எங்கள் மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை.

லாயரின் அறைக்கு வெளியே நாங்கள் மூன்று பேர். முதல் மேசை பெரிய கிராணியுடையது, அதாவது தலைமைக் குமாஸ்தாவுடையது. லாயரின் அப்பா காலத்திலிருந்து இருப்பவர், நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய வெற்றிலை. இரண்டாவது மேசையில் ஒரு தமிழ் முஸ்லிம் கிராணி. பெண்டஹாரா சாலையில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம் அவருடையது. அண்ணன் முறை வைத்து நான் அவரை நானா என்று கூப்பிடுவேன். மூன்றாவது மேசை என்னுடையது. நான்தான் டைப்பிஸ்ட். ஆபீஸில் ஒரே பெண், அதனால் எது தொலைந்தாலும் முதல் சந்தேகம் என் மேல்.

கோப்புகள் எல்லாம் பொது. ஒரே அலமாரி. யார் ஒரு கோப்பை எடுத்தாலும் அது இருந்த இடத்தில் ஒரு பழுப்பு அட்டையைச் செருகி, தன் மேசை எண்ணை எழுத வேண்டும். கோப்பு கை மாறினால் பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணை எழுத வேண்டும். இவ்வளவுதான் ஏற்பாடு. அட்டை உண்மையைச் சொன்னால் எந்தக் கோப்பையும் நாலு எட்டில் எடுத்துவிடலாம்.

எங்கள் அட்டைகள் பொய் சொல்ல ஆரம்பித்தன. அலமாரியைத் திறந்தால் அட்டையில் இரண்டு அடிபட்டு மூன்று என்று இருக்கும். என் மேசையில் கோப்பு இருக்காது. லாயர் கதவைத் திறந்துகொண்டு வந்து, "மிஸ், ஒங்க டேபிள்னுதானே போட்ருக்கு?" என்று எல்லார் முன்னாலும் கத்துவார். நான் மேசையைக் கவிழ்க்காத குறையாகத் தேடுவேன். சில கோப்புகள் நாலைந்து நாள் கழித்துத் தானாக என் மேசைக்கு வந்து கிடக்கும். சில வரவே வராது. பெரிய கிராணி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "கவனம் வேணும், பிள்ள" என்பார். ஐயோ, அந்தப் பார்வை!

அப்போதுதான் பால்காரரின் கோப்பு காணாமல் போயிற்று. புக்கிட் பாருவில் நாலு மாடு வைத்துச் சைக்கிளில் பால் ஊற்றுகிறவர் அவர். அதற்கு முன் இருபது வருடம் தோட்டத்தில் வேலை செய்தவர். தோட்டத்துப் பேரேடுகள் ஜப்பான்காரன் காலத்தில் எரிந்துபோயின. வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கப்பலேறுமுன், 'இந்த ஆள் என்னிடம் இத்தனை வருடம் வேலை செய்தான்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தோட்டத்து முத்திரையும் குத்திக் கொடுத்திருந்தார். பால்காரர் இந்த நாட்டில் வாழ்ந்தார் என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சி அந்தக் கடிதம்தான். அதை மெழுகுத் துணியில் சுற்றி வைத்திருந்து, எங்களிடம் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

கெடுவுக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்து நின்றார். "அம்மா, தொரை குடுத்த கடுதாசி பத்திரமா இருக்குதானே? அது இல்லன்னா எனக்கு சாட்சி சொல்ல என் மாடுங்கதான் வரணும்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அலமாரியில் அட்டை இருந்தது. இரண்டு அடித்து மூன்று.

நேராக நானாவிடம் போனேன். "பால்காரர் ஃபைல எங்கிட்டயா குடுத்தீங்க, நானா?"

"இல்லையே, தங்கச்சி. பெரிய கிராணிகிட்டல்ல கொண்டுபோனேன்." சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். யாரிடம் எதை எந்த நாளில் எத்தனை மணிக்குக் கொடுத்தார் என்று எறும்பு எழுத்தில் எல்லாம் இருந்தது. "நம்பிக்கை இல்லாம இல்ல. மறதிக்குத்தான்" என்றார் கொஞ்சம் கூச்சத்தோடு.

அந்த நோட்டை வாங்கிக்கொண்டு வந்து, தொலைந்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடினேன். பதினோரு கோப்பு. பதினொன்றும் வெள்ளிக்கிழமை. பதினொன்றும் பதினோரு மணி, பதினொன்றே கால், பதினொன்றரை. மற்ற நாளில் கை மாறியது ஒன்றுகூடத் தொலையவில்லை.

நானாவுக்கு ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழப் போகுமுன் மேசையைத் துடைத்துவைத்தாற்போல் காலி செய்துவிட்டுத்தான் கிளம்புவார். அடுத்தவர் காரியத்தைப் பாதியில் போட்டுவிட்டுத் தொழுகையில் போய் நிற்க அவருக்கு மனம் வராது. நல்ல வழக்கம்தான். அப்படியானால் அந்தக் கோப்புகள் போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன நடந்தது?

ஆதாரமில்லாமல் பெரிய கிராணியைக் கேட்டால் பழி என் மேலேயே திரும்பும். அடுத்த வெள்ளிக்கிழமை டைப் அடிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு கவனித்தேன். நானா கோப்புகளோடு முதல் மேசைக்குப் போனார். பெரிய கிராணி தலையை நிமிர்த்தவில்லை, கையையும் நீட்டவில்லை. செருப்புக் காலால் அடி இழுப்பறையை நெம்பித் திறந்தார். "அதுல போடு, தம்பி." நானா போட்டுவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பெரிய கிராணி எழுந்து அலமாரிக்குப் போய், அட்டைகளில் இரண்டு என்பதை அடித்து மூன்று என்று எழுதினார். என் கண் முன்னாலேயே!

"என்னங்கய்யா இது? ஏன் கையில வாங்கல?"

அவர் சுவரில் தொங்கிய காலண்டரை மோவாயால் காட்டினார். "பத்தரையிலருந்து பன்னெண்டு ராகு காலம். இப்ப கையில வாங்கினா அந்தக் காரியம் உருப்படுமா?"

"அப்ப ஒன்னுன்னாவது எழுதலாம்ல?"

"ஒன்னுன்னு எழுதினா நான் வாங்கிட்டதா ஆயிடும். எப்படியும் டைப்புக்கு ஒங்கிட்டதானே வரப்போகுது. மூனுன்னு போட்டா என்ன தப்பு?"

"பன்னெண்டுக்கு மேல எடுக்கிறீங்களா?"

"எடுப்பேன். சில சமயம் மறந்துடும்." அதையும் வெட்கமில்லாமல் சொன்னார்.

நான் போய் அந்த இழுப்பறையை முழுசாக இழுத்தேன். சீ! வெற்றிலைக் காம்பு, கவிழ்ந்த சுண்ணாம்பு டப்பா, கடித்துவைத்த வடை, அதன் மேல் கரப்பான், எல்லாவற்றுக்கும் மேலே எலி மூத்திர நாற்றம். அதற்குள் மனிதர்களின் கோப்புகள். பால்காரருடையது எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. துரையின் கடிதத்தில் மேல்பாதிதான் மிச்சம். கையெழுத்தும் முத்திரையும் இருந்த கீழ்ப்பாதியை எலி தின்றிருந்தது.

"மனுஷனா நீங்க?" என்று கத்தினேன். என் குரல் சைக்கிள் கடைவரைக்கும் கேட்டிருக்கும்.

"கத்தாத, பிள்ள. அந்த நேரத்துல கையில வாங்கியிருந்தா இன்னும் மோசமாகியிருக்கும்."

லாயர் வெளியே வந்தார், பார்த்தார். பெரிய கிராணியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "டிராயரைக் கிளீன் பண்ணச் சொல்லுங்க" என்றார், என்னிடம்! மிச்சமிருந்த பாதிக் கடிதத்தோடு ஒரு சத்தியப் பத்திரமும் வைத்து அனுப்பிப் பார்க்கலாம் என்றார். மனுக் கட்டை அவர் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடைசி நாள் அன்றுதான். பன்னிரண்டுக்குள் கிளம்பிவிடுவார், பிறகு வெளியூர் வழக்கு.

பால்காரர் அன்றும் விசாரிக்க வந்து படியில்தான் உட்கார்ந்திருந்தார். சத்தியப் பத்திரத்தை அவசரமாக அடித்து முடித்து, அவரைக் கூப்பிட்டு, தாளை நீட்டிக் கைநாட்டு வைக்கச் சொன்னேன். கடிதத்துக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் காலண்டரைப் பார்த்தார், பெரிய கிராணியைப் பார்த்தார்.

"மணி என்னம்மா?"

"பதினொன்னு அம்பது."

"பன்னெண்டு ஆகட்டும்மா."

"பன்னெண்டுக்கு லாயர் இருக்கமாட்டாரு!"

"பத்து நிமிஷந்தானேம்மா…"

"அவருக்குத் தெரியுது பார்" என்றார் பெரிய கிராணி, பாக்கை மென்றுகொண்டே.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, வயதில் பெரியவரான பால்காரரின் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தித் தாளில் வைத்தேன். அவர் கையை இழுக்கவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. போதிய அத்தாட்சி இல்லை, மனு தள்ளுபடி. நான்தான் படித்துச் சொன்னேன். இம்முறை எதையும் மறைக்கவில்லை. இழுப்பறை, எலி, காணாமல் போன கையெழுத்து, யார் செய்தது, எல்லாவற்றையும் பெரிய கிராணியின் முகத்துக்கு எதிரிலேயே சொன்னேன். பால்காரர் கேட்கட்டும், நாலு வார்த்தை திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் கட்டைவிரலைத் தடவிப் பார்த்தார்.

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்கம்மா, தெரியும். ஆனா பெரியவரு அப்பவே சொன்னாரே. ஒரு பத்து நிமிஷம் பொறுத்திருக்கலாம்."

பெரிய கிராணி எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "விடுங்க. சின்னப் பொண்ணு, அதுக்கென்ன தெரியும்."

பால்காரர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.