போன் எழுதிய ஏழு பக்கம்

என்னைப் போல ஒரு மடையனைக் கண்டி டவுன் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். கடன் பத்திரத்தை வாசிக்காமல் கையெழுத்து வைத்தவர்கள் இருப்பார்கள். தன்னைப் பற்றித் தானே கொடுத்த ஏழு பக்கத்தை வாசிக்காமல் கையெழுத்து வைத்தவன் நான் ஒருவன்தான்.

போன வருசம் மழைக் காலத்தில், அம்பிட்டியவில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் நடந்தது இது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து, டவுன் பேக்கரி ஒன்றில் பதினெட்டு வருசமாகப் பாண், அதுதான் பிரெட், போடுகிறேன். முதலாளி புதுக் கிளை திறப்பதாக இருந்தார். அங்கே நான் பேக்கர்மாருக்கெல்லாம் தலைமை பாஸாகப் போக வேண்டுமென்றால் சான்றிதழ் வேண்டும், இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பேன் என்று சொல்லிவிட்டார். நானோ எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். நல்ல வேளை, அனுபவத்தைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. தெரிந்த வேலைகளை எழுதி ஒரு ஃபைல் கொடுக்க வேண்டும். பிறகு கேள்வி கேட்பார்கள், செய்து காட்டச் சொல்வார்கள்.

எழுதுவதா? நானா? போனில் இருந்த செயற்கை நுண்ணறிவிடம், “பதினெட்டு வருசமா பேக்கரி வேலை. எடுப்பா எழுது” என்றேன். கண்மூடித் திறப்பதற்குள் ஏழு பக்கம்! முதல் நாலு வரியிலேயே எனக்கு என்மேல் மரியாதை வந்துவிட்டது. மீதியை வாசிக்கவில்லை.

பரிசோதிக்க வந்தவர் ஒரு மிஸ். ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “குரோசானுக்கு மாவ எத்தன தரம் மடிப்பீங்க?” என்றார். அந்த வெளிநாட்டுப் பன்னின் பெயரையே அன்றுதான் கேள்விப்படுகிறேன்; என் ஃபைலில் அது இருந்திருக்கிறது. ஏழு பக்கம் ஞாபகத்துக்கு வந்தது.

“ஏழு” என்றேன்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். “எப்பவாச்சும் செஞ்சிருக்கீங்களா?”

பொய்த் தகவல் கொடுத்தால் விண்ணப்பம் ரத்து என்று கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே என் கையெழுத்து. பாண் சுடும் போறணைக்கு முன்னால்கூட நான் அப்படி வியர்த்ததில்லை.

“இல்ல மிஸ். இத எழுதினது போன்.”

“அப்ப சர்டிபிகேட்ட போனுக்கே குடுப்பமா?”

தலை குனிந்தேன். சூட்டுத் தட்டு பட்டு என் முன்கையெல்லாம் தழும்பு. மிஸ் அதைப் பார்த்தார்.

“வேல தெரியும் போலதான் இருக்கு. ரெண்டு கிழம தாறேன். தெரிஞ்சத மட்டும் உங்க கையால எழுதிட்டு வாங்க. போன் எழுத வேணாம். அத உங்கள்ட்ட கேள்வி கேக்கச் சொல்லுங்க.”

அப்படியே செய்தேன். மா பொங்கும் நேரமெல்லாம் போன் கேட்கும்: மா ஏன் பொங்குது? உப்புக் கூடினால் ஈஸ்டுக்கு என்ன ஆகும்? என் கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை. அது விளங்கப்படுத்தும், நான் திருப்பிச் சொல்லுவேன். கூட வேலை செய்பவன், “அண்ணனுக்குப் பேய் புடிச்சிருச்சு” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். ஒருநாள் போன், ஒரு மணித்தியாலத்தில் மா பொங்கிவிடும் என்றது. “கண்டி மழைக் குளிர்ல பொங்காது, போய் வேற வேலயப் பாரு” என்றேன். உடனே மன்னிப்புக் கேட்டது. பேக்கரியில் என்னிடம் மன்னிப்புக் கேட்ட முதல் ஆள் அதுதான்.

இரண்டாம் தரம் போனபோது ஃபைலில் இரண்டே பக்கம், கோணல் எழுத்து. இரண்டு கேள்விக்கு “தெரியாது மிஸ்” என்றேன். மற்றதுக்கெல்லாம் பதில் இருந்தது. பிறகு பாண் போட்டுக் காட்டினேன். மிஸ் அதை வெட்டி, விரலால் அமுக்கி, முகர்ந்து, ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, ‘தகுதி உண்டு’ என்ற கட்டத்தில் சரி போட்டார். பதினைந்து நாளாக நெஞ்சில் கிடந்த மா மூட்டை அப்போதுதான் இறங்கியது.

இப்போது புதுக் கிளையில் நான்தான் பாஸ். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் குடி ஒன்றும் முழுகிவிடாது, படிப்பே அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது என்று அடிக்கடி எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் அன்றைக்கு என் வாய் சும்மா இருந்தால்தானே? சரி போட்ட மிஸ்ஸிடம், நாலு நல்ல வார்த்தை கிடைக்காதா என்ற ஆசையில், “பாண் எப்படி மிஸ்?” என்று கேட்டேன்.

“பாண் மாதிரி இருக்கு.”