அந்த அலமாரி ஏன் நிறைந்திருக்கிறது?

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அக்காவின் ஒரு கேள்விக்காவது பதில் சொல்லத் திணறியிருப்பீர்கள். கல்யாண வீட்டுச் சமையல்காரர், கிளினிக் டாக்டர், பெட்ரோல் நிலையத்தில் பக்கத்தில் நிற்கும் லாரிக்காரர் என்று யாரையும் அவர் விட்டதில்லை. அவர் போய் ஓராண்டு ஆகிறது. வீடு அமைதியாக இருக்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை.

அக்கா பிறந்தது பாலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட, அம்மா எங்கள் இருவரையும் சுங்கைப் பட்டாணி நகருக்கு அழைத்து வந்தார். பதினெட்டு வயதில் அக்கா மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். நான் படித்தது அந்தச் சம்பளத்தில்தான். ஓய்வு பெறும்வரை தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தார். எந்தப் பாகம் பழுது, ஏன் பழுது என்று கண்டுபிடிக்க வேண்டிய வேலை. கேள்வி கேட்பதற்குச் சம்பளமும் கொடுத்தால் அக்காவுக்கு வேறென்ன வேண்டும்? கல்யாணம் மட்டும் அமையவில்லை. அதைப் பற்றி மற்றவர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒரு சிரிப்போடு முடித்துக்கொள்வார்.

ஓய்வு பெற்ற மறு வருடம், கடல் தாண்டி, சரவாக்கின் காட்டு உட்பகுதிக்கு இரண்டு வருடத் திருச்சபை ஊழியத்துக்குப் போவதாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்குச் சர்க்கரை நோய். அங்கே ஆஸ்பத்திரிக்குப் போகவே படகு ஏற வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் சபையில் ஊழியத்துக்குப் போகிறவருக்குக் குடும்பத்தில் ஒருவர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா காலமாகிவிட்டதால் அந்த ஒருவர் நான்தான். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

புறப்படும் முன் சபையின் உதவிப் பணிகள் நடக்கும் இடங்களை ஒரு நாள் சுற்றிப் பார்ப்பதும் எங்கள் சபை வழக்கம்.

"கையெழுத்துப் போட வேணாம் தம்பி. காடியை மட்டும் எடு," என்றார் அக்கா.

முதலில் காரை எடுத்துக்கொண்டு, மெர்கோங் என்ற இடத்தில் சக்கர நாற்காலிகளைப் பழுது பார்க்கும் கொட்டகைக்குப் போனோம். அக்கா ஒன்றில் உட்கார்ந்து தானே தள்ளிக்கொண்டு சுற்றினார். "இதுல உக்காந்துகிட்டு வாசப்படியை எப்படி ஏறுவாங்க?" என்று மெக்கானிக்கைக் கேட்டார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தார். வேண்டாவெறுப்பாக வந்த நானும் யோசித்தேன்.

பிறகு சுங்கைப் பட்டாணிக்குத் திரும்பி, நிவாரணப் பொருள் ஸ்டோருக்குப் போனோம். அரிசி, பால்மாவு, வெள்ளத்தில் எல்லாம் இழந்த வீடுகளுக்கான துணிமணிகள். நான்கு ஆண்கள் சேர்ந்து அதை மிகச் சுத்தமாக வைத்திருந்தார்கள். பிள்ளைகள் துணி அலமாரி பாதி காலி. சேலை அலமாரி மட்டும் பிதுங்கி வழிந்தது.

"இது ஏன் நிறைஞ்சிருக்கு?"

நால்வரில் மூத்தவர், ஓய்வு பெற்ற தபால்காரர், சிரித்தார். "யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க லா. இப்ப உள்ள பொம்பளைங்களுக்கு பஞ்சாபி சூட்தான் வேணும்."

நானும் தலையை ஆட்டினேன். அக்கா ஆட்டவில்லை. ஒவ்வொரு சேலையாகப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கிழிசல் இல்லை, கறை இல்லை. அலமாரியின் அடிவரை கையை விட்டுத் துழாவினார்.

"சேலை இருக்கு. ரவிக்கை எங்க?"

தபால்காரரும் குனிந்து அலமாரியைத் துழாவினார். ஒன்றுகூட இல்லை. சேலையைக் கொடுக்கிறவர்கள் ரவிக்கையைக் கொடுப்பதில்லை. அது அவரவர் அளவுக்குத் தைத்தது. கட்டிய துணியோடு வந்து நிற்கிற பெண் வெறும் சேலையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? நான்கு ஆண்களிடம் அதை வாய்விட்டுக் கேட்பாளா?

காரில் ஏறியதும் எனக்குக் கொண்டாட்டம். "பாத்தீங்களாக்கா? இங்கயே இவ்வளவு வேலை கெடக்கு. சரவாக் எதுக்கு?"

"இங்க என்ன இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. செஞ்சு வச்சுட்டுப் போறேன். அங்க என்ன இல்லைன்னு இன்னும் தெரியலையே?" என்றார். பிறகு, "நீ எதுக்குப் பயப்படுற? அதைச் சொல்லு," என்றார்.

"நீங்க திரும்பி வராம போயிட்டா?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல தம்பி," என்றார். சமாதானத்துக்காகக்கூட அவர் பொய் சொல்லவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு அந்தச் சம்மதத் தாளைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

போவதற்கு முன் சபையில் தையல் தெரிந்த மேரியையும் அவர் தங்கையையும் உட்கார வைத்து, முதுகுப்பக்கம் நாடா வைத்த ரவிக்கைகள் தைக்க ஏற்பாடு செய்தார். இழுத்துக் கட்டினால் ஒல்லியானவருக்கு, தளர்த்தினால் பருத்தவருக்கு. சேலை அலமாரி காலியாக ஆரம்பித்தது. அந்த நால்வரையும் கேலி செய்து இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அக்கா திரும்பி வந்தார், நல்லபடியாகவே வந்தார். வயிற்றில் புற்றுநோய் வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. உடல் பாதியாகிவிட்டது. கடைசி வாரத்திலும் மருந்துக் குழாயைக் காட்டி அது எங்கே போகிறது என்று தாதியைக் கேட்டார்.

அவர் கண்மூடிய காலையில், உடுத்திவிட மேரியும் அவர் தங்கையும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நான் வீட்டுக்கு ஓடி, அக்காவுக்குப் பிடித்த மாம்பழ நிறப் பட்டுச் சேலையைத் தேடி எடுத்து, தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தேன். மேரி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"அண்ணே, ரவிக்கை எங்க?"

அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. வீட்டில் இருந்த எதுவும் அந்த மெலிந்த உடம்புக்குப் பொருந்தாது. மேரி மோட்டார் சைக்கிளில் ஸ்டோருக்குப் போய், அந்த அலமாரியிலிருந்தே ஒன்றை எடுத்து வந்தார். நாடாவை இழுத்துக் கட்டினார்கள். அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது.

மேரிக்கும் அவர் தங்கைக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த ஸ்டோர் அண்ணன்மார் நால்வருக்கும், பொறுமையாகப் பதில் சொன்ன டாக்டர்களுக்கும் தாதியருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், ஜெபத்தில் நின்ற சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யாரையேனும் விட்டிருப்பேன். நான் கவனிக்கத் தெரியாதவன். தயவுசெய்து என்னை நிறுத்திக் கேளுங்கள், "என் பேரு எங்க?" என்று.